வேகாத காலிஃப்ளவர்

என் தம்பி லிப்ட் மெக்கானிக். முப்பது வருஷமாக ஊரையே ஏற்றி இறக்கிக்கொண்டிருக்கிறான். தான் சொன்ன சொல்லிலிருந்து மட்டும் ஒரு படி இறங்க மாட்டான்.

அவன் மகள் ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில், இனிமேல் கறி மீன் தொடப்போவதில்லை என்றாள். "என் வீட்ல நான் சமைக்கிறதைத் தின்னு. இல்லேன்னா எழுந்து போ" என்று கத்தினான். அப்பனுக்குப் பிறந்தவள்தானே, எழுந்து போய்விட்டாள். தாயில்லாத பெண்ணிடம் பேசுகிற பேச்சா இது என்று வாய் வலிக்கத் திட்டினேன். கேட்டால்தானே! வேலை கிடைத்து வெளியூர் போனவள் எப்போதாவது வருவாள், வாசலை ஒட்டி நின்றபடி நாலு வார்த்தை பேசுவாள், கிளம்பிவிடுவாள். ஒன்றரை வருஷமாக இந்த வீட்டில் அவள் ஒரு வாய் சாப்பிட்டதில்லை.

போன சனிக்கிழமை, சர்டிபிகேட் எடுக்க ஏழரைக்கு வருகிறேன், எட்டரை ரயிலுக்குப் போகணும் என்று செய்தி அனுப்பியிருந்தாள். மாடியிலிருந்து நான் இறங்கி வந்தபோது தம்பி புது ஓவன் முன்னால் நின்றிருந்தான். காலிஃப்ளவர், குடைமிளகாய், தக்காளி எல்லாம் ஸ்கேல் வைத்து நறுக்கியதுபோல் ஒரே அளவு. எண்ணெய், உப்பு, மிளகுத்தூள் போட்டுப் புரட்டி உள்ளே வைத்திருந்தான். காய் சிவந்ததும் ரொட்டித் துண்டுகளில் குவித்து, துருவிய சீஸைத் தூவி மறுபடி ஐந்து நிமிஷம் வைப்பதாகத் திட்டம். போனில் வீடியோவைப் பத்துத் தடவை பார்த்துக் கற்றுக்கொண்டானாம். எனக்கு அவன்மேல் பாவமாக இருந்தது.

ஆனால் மெஷினை ஓடவிட்டுச் சும்மா இருக்கிற ஜென்மமா அது? இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை கதவைத் திறந்து, டார்ச் அடித்துக் குனிந்து பார்த்தான்.

"டேய், சூடெல்லாம் வெளியே போகுது. மூடுடா!"

"ஓடுற மெஷினைப் பாக்காம விடக் கூடாதுக்கா."

ஓவனில் மணி அடித்தபோது காலிஃப்ளவர் கடையில் வாங்கிய மாதிரியே வெள்ளையாக இருந்தது.

சொன்னபடி ஏழரைக்கு வந்தவள் வழக்கம்போல் வாசலை ஒட்டி நின்றாள். சர்டிபிகேட்டை வாங்கிப் பையில் வைத்தாள். "என்ன வாசனை?" என்று என்னைக் கேட்டாள். பதில் தம்பியிடமிருந்து வந்தது.

"காய்தான்மா. சீஸ் போட்டு, உனக்காக. இன்னும் வேகலை. நீ கிளம்பு, ரயில் போயிடும்."

மண்டையில் ஒன்று போடலாம் போல இருந்தது எனக்கு. வலிய வந்த வாய்ப்பையும் இவனே விரட்டுகிறானே!

அவள் அடுப்படிக்குள் வந்து, திறந்திருந்த ஓவனில் இருந்த தட்டைப் பார்த்தாள். அவன் கையிலிருந்த டார்ச்சைப் பார்த்தாள்.

"எத்தனை தடவை திறந்தீங்க?"

"ஒரு பதினஞ்சு இருக்கும்."

"அப்புறம் எப்படிப்பா வேகும்?" பையைக் கீழே வைத்துவிட்டு ஓவனை அழுத்தி மூடினாள். "இன்னும் அரை மணி நேரமாவது ஆகும்."

"உன் ரயிலு?"

"பத்தரைக்கு ஒண்ணு இருக்கு."

தம்பி டார்ச்சைக் கீழே வைத்தான்.

"அன்னைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதும்மா."

"ஆமா, கூடாதுதான்" என்றாள் அவள், மூன்று தட்டுகளை எடுத்து மேஜையில் வைத்தபடி.