அப்பாவுக்குப் பிடித்த ஏழு கறிகள்

காலை எட்டரை மணி, பதினெட்டு ரீசேட், சிவபாலன். சட்டையில் வாசகம் அச்சடிக்கும் தொழிலில் ஒரு நாள் இப்படித்தான் தொடங்கும். வெட்கம் பின்னேரம் வரும். வாடிக்கையாளரின் முகத்தைப் பார்க்க முடியாமல் மேசை லாச்சிக்குள் எதையோ தேடுவதுபோல் நின்றவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

பத்திரிகையில் நெடுங்காலம் பக்கம் அமைத்துவிட்டுக் கிளிநொச்சியில் கடை போட்டவன் நான். ஆடி, ஆவணியில் வெளிநாட்டில் இருக்கும் எங்கள் ஆட்கள் வருவார்கள். அவர்களுக்குக் கறிப் பெயர் போட்ட ரீசேட்தான் பிடிக்கும். ‘கணவாய்ப் பிரட்டல் கட்சி’, ‘சொதி இல்லாத சோறு சோறா?’ என்று ஏதாவது எழுதிவிட்டால் போதும்.

ஞாயிற்றுக்கிழமை ஆடு

‘ஞாயிறென்றால் ஆட்டிறைச்சிக் கறி’ என்ற வாசகத்தில் எனக்கே கொஞ்சம் பெருமை. கடை வாசலில் தொங்கவிட்டிருந்தேன். செட்டிகுளத்திலிருந்து வந்த ஓர் அம்மா, மகனுக்கு மலிவாக ஏதும் இருக்கிறதா என்று கேட்டார். ஓரத்தில் மை சிந்திய அதே ரீசேட் ஒன்றைப் பாதி விலைக்கு நீட்டினேன். வாசகத்தை நின்று வாசித்தார். சிரிக்கவில்லை.

“தாங்கோ தம்பி. சாப்பிடக் கிடைக்கேல்லை, உடுத்தாவது பாப்பம்.”

பதினெட்டாவது ரீசேட்

சிவபாலன் லண்டனில் இருப்பவர், சிறுவயதிலேயே போனவர். ஸ்கந்தபுரத்தில் அவருடைய தகப்பனார் பொன்னுத்துரைக்கு எழுபதாவது பிறந்தநாள். இருதயச் சத்திரசிகிச்சை முடிந்து வீடு திரும்பிய கையோடு வருகிற பிறந்தநாள். அப்பாவின் படமும் அவருக்குப் பிடித்த கறிகளின் பெயர்களும் போட்டு, குடும்பத்தில் எல்லோருக்கும் கறுப்பு ரீசேட் வேண்டும் என்றார். குழம்பு பட்டாலும் தெரியாதாம்.

பதினேழு பேர்தான் கணக்கில் வந்தது. பதினெட்டாவது யாருக்கு என்று கேட்டேன். அடுத்த வீதியில் இருக்கும் சித்தப்பா கந்தசாமிக்காம். வாய்க்கால் தண்ணீரில் தொடங்கிய சண்டை; அண்ணனும் தம்பியும் பேசிப் பல வருடம். ஆஸ்பத்திரிக்கும் அவர் வரவில்லை.

“அப்பாவுக்குக் கேக்கும் வேண்டாம், கறியும் வேண்டாம் அண்ணை. சித்தப்பா வந்தாலே காணும்.”

என் கைப் பழக்கம்

பத்திரிகையில் என்னிடம் இருந்தது மரண அறிவித்தல் பக்கம். அது எனக்கு மறந்துபோயிருந்தது, கைக்கு மறக்கவில்லை. நீள்வட்டத்துக்குள் படத்தை வைத்தேன். கீழே ‘மீசாலையைப் பிறப்பிடமாகவும் ஸ்கந்தபுரத்தை வதிவிடமாகவும் கொண்ட’ என்று எழுதினேன். அதற்குக் கீழே ஏழு கறிகள். எங்கள் ஊர்ப்பக்கம் இந்த வசனம் செத்தவருக்குத்தான் எழுதப்படும். பிடித்த கறிகளை வரிசையாக வைத்துப் படைப்பதும் எட்டுச்செலவில், செத்தவருக்குத்தான்.

சிவபாலனுக்கு இதெல்லாம் தெரிய நியாயமில்லை. எனக்கு இருந்தது. அவர் ஒன்றை விரித்து நெஞ்சில் பிடித்துப் பார்த்தார்.

“நல்லா வந்திருக்கு அண்ணை. ஒரு மரியாதை தெரியுது.”

ஊர் வந்தது

பிறந்தநாளன்று காலையே பிள்ளைகள் அதைப் போட்டுக்கொண்டு சந்தைக்குப் போய்விட்டார்கள். அழைப்பின்படி நான் மதியம் போனபோது படலையில் பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள். மரண உதவிச் சங்கத்தார் உழவு இயந்திரத்தில் கதிரைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். விறாந்தையில், புது வேட்டியோடு, பொன்னுத்துரை ஐயா எல்லோரையும் பார்த்துக்கொண்டு இருந்தார். அழுது வந்த ஒருத்தி அவரைக் கண்டதும் வாயைப் பொத்திக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டாள்.

பிறகு சிரிப்பு. பிறகு, கதிரைதான் வந்துவிட்டதே என்று அதிலேயே பந்தி வைத்தார்கள். நான் மன்னிப்புக் கேட்கப் பக்கத்தில் போனேன். சட்டைக்காரர் நீங்களோ என்று கேட்டார். ஓம் என்றேன். கோபிக்கவில்லை, கோபித்திருக்கலாம். கண் படலையிலேயே இருந்தது. இலைகள் எடுத்துப் பந்தி கலைந்த பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

“நான் செத்துப்போனனெண்டு கேட்டும் கந்தசாமி வரேல்லை, பாத்தீங்களோ.”

உயிரோடிருக்கும் மனிதருக்கு அவருடைய செத்த வீட்டைக் காட்டிவிட்டு, ஒரு தட்டு நண்டுக் கறியும் சாப்பிட்டு வந்தவன் இந்தத் தொழிலில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

கடந்த மாசியில் கந்தசாமி காலமானார். பொன்னுத்துரை ஐயா செத்த வீட்டுக்குப் போனார்.