தக்காளி சோஸ்

யட்டியாந்தோட்டை பஜாரில் படச் சீடி வாடகைக்குக் கொடுப்பவர் என்னை 'லே நங்கி' என்றுதான் கூப்பிடுவார். லே என்றால் சிங்களத்தில் இரத்தம், நங்கி என்றால் தங்கை. நான் போய் நின்றதும் கோடரிப் படம், கழுத்தறுக்கும் படம், பேய்ப் படம் என்று மேசைக்கு அடியிலிருந்து எடுத்து வைப்பார். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காக வீட்டில் கிடந்த காலம் அது. ஓரிடத்தில் உட்காராத என்னைக் கட்டிப்போட்டவை இந்தப் படங்கள் மட்டும்தான்.

கூட உட்கார்ந்து பார்க்க ஒரே ஆள் அப்பா. ஞாயிற்றுக்கிழமை பகல் சாப்பாடு முடிந்ததும் தோட்டத்து லயத்தில் எங்கள் வீடான ஒற்றைக் காம்பராவின் கதவைச் சாத்திக்கொள்வோம். அம்மா டிவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அரிசியில் கல் பொறுக்குவார். தலை துண்டாகி விழும்போது அப்பா வெற்றிலையை மென்றபடி, "தக்காளி சோஸ் புள்ள, பயப்படாத" என்பார். நான் எங்கே பயந்தேன்? இரண்டு பேரும் சிரிப்போம்.

அப்பாவுக்குத் தோட்டத்து ரப்பர் ஸ்டோரில் வேலை. உறைந்த ரப்பர் பாலை இரண்டு உருளைகளுக்கு நடுவே விட்டு ஷீட்டாக இழுக்கும் மெஷினில் நிற்பார். ஒரு நாள் அவரோடு அதே மெஷினில் நின்ற மாமா ஒருவரின் கை உருளைகளுக்குள் போய்விட்டது. உயிர் தப்பியது, கை தப்பவில்லை. அப்பா மறுநாளும் வேலைக்குப் போனார். அதே மெஷின், பக்கத்தில் வேறு ஆள். வீட்டில் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

அதற்குப் பிறகு படம் பாதியில் ஓடும்போது எழுந்து போக ஆரம்பித்தார். மழை வருகிறதா பார்க்க என்பார், சுண்ணாம்பு எடுக்க என்பார். திரும்பி வரமாட்டார். அப்பாவுக்கு இரத்தம் இனி ஒத்துக்கொள்ளாது என்று நானே முடிவு செய்தேன். சனிக்கிழமையே படத்தைத் தனியாகப் பார்த்து, இரத்தம் வரும் இடங்களை மனதில் வைத்துக்கொண்டு, ஞாயிறன்று ரிமோட்டும் கையுமாக உட்கார்ந்தேன். தலைகளும் குடல்களும் வேகமாக ஓடி மறைந்தன. அப்படியும் எழுந்து போனார், நான் கொஞ்சமும் எதிர்பாராத இடங்களில். எனக்குப் படம் பார்ப்பது போய் வெட்டி ஒட்டுவதே வேலையாகிச் சலித்துவிட்டது. ஆனால் விட்டுவிட்டால், அப்பா ஞாயிறு முழுக்கச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக் கிடப்பார். அதைப் பார்க்க என்னால் முடியாது.

கடைசியில் ஒரு சிரிப்புப் படம் எடுத்தேன். சீடிக்கடைக்காரர் எனக்குக் காய்ச்சலா என்று கேட்டார். அதில் கதாநாயகன் சந்தையில் கரும்புச்சாறு கேட்கிறான். உருளைகள் கிறீச்சிட்டுச் சுற்றின. கரும்பு நொறுங்கி உள்ளே போயிற்று. அப்பா எழுந்துவிட்டார்.

பின்னாலேயே போனேன். வாசல் திண்ணையான இஸ்தோப்பில் தூணைப் பிடித்துக்கொண்டு மழையைப் பார்த்து நின்றார்.

"இதுல ரத்தமே இல்லயேப்பா."

"ரத்தம் என்ன செய்யும் புள்ள? அன்னைக்கு நான் ரத்தத்தப் பாக்கவே இல்ல. அந்தப் பக்கம் திரும்பி நின்னேன். சத்தம்தான் கேட்டுச்சு."

வாயிலிருந்த வெற்றிலையை மழையில் துப்பினார்.

"ஆறு நாளும் அங்க கேட்டுக்கிட்டுத்தான் நிக்கிறேன். வேற வழி இல்ல. ஞாயித்துக்கெழமயும் கேக்கணுமா?"

அடுத்த ஞாயிறு மறுபடி பேய்ப் படம் எடுத்து வந்து, சத்தத்தை ஒரேயடியாக நிறுத்திவிட்டுப் போட்டேன். ஊமைப் படத்துக்கு எதற்குக் கரண்டை வீணாக்குகிறீர்கள் என்று அம்மா கேட்டார். முந்தின நாளே பார்த்திருந்ததால், யார் என்ன சொல்கிறார்கள் என்று நான் சொல்லிக்கொண்டே வந்தேன். அப்பா எழுந்து போகவில்லை. எனக்குத்தான் தொண்டை வறண்டது. இசை இல்லாத பேய், வேலை முடிந்து மலையிறங்கி வரும் பெண்ணைப் போலக் களைத்துத் தெரிந்தது.

ஓரிடத்தில் அந்தப் பேய் ஒருவனுடைய கையைக் கதவிடுக்கில் வைத்து நெரித்தது. முந்தின நாள் தேநீர் குடித்துக்கொண்டே பார்த்த இடம்தான். இப்போது அலறல் இல்லை. விரல்கள் மட்டும் விரிந்தன, மூடின, மறுபடி விரிந்தன. நான் பேச்சை நிறுத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அப்பா திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"தக்காளி சோஸ் புள்ள," என்றார். கொஞ்சம் பொறுத்து, "அந்த எடம் போயிருச்சு, இப்ப பாரு."