ஸ்டெபிலைசர் பக்கத்து இடம்

எங்கள் திருப்புலிவனத்து வீட்டுக்குக் கறுப்பு வெள்ளை டிவி வந்த வருஷம் எனக்கு ஒன்பது வயது. டிவியைவிட அதன் பக்கத்தில் இருந்த இரும்புப் பெட்டிக்குத்தான் நைனா அதிகம் பயந்தார். அதுதான் ஸ்டெபிலைசர். முகத்தில் ஆடும் ஒரு ஊசி, கீழே திருகுவதற்கு ஒரு குமிழ். சாயங்காலமானால் வயல்களில் எல்லா மோட்டாரும் ஓடும். வோல்டேஜ் இறங்கி, படம் நாலு பக்கமும் சுருங்கிப் போகும். உடனே குமிழைத் திருகி ஏற்ற வேண்டும். ஏற்றி வைத்திருக்கும்போது கரண்ட் போனால், அந்த நொடியே இறக்கிவிட வேண்டும். கரண்ட் திரும்பும்போது மோட்டாரெல்லாம் நின்றிருக்கும்; வோல்டேஜ் எகிறி வந்து டிவி புகைந்துவிடும். கடைக்காரர் சொன்ன இந்தப் பாடத்தை நைனா வருகிறவர்களிடமெல்லாம் ஒப்பித்துக்கொண்டிருந்தார்.

காவல் வேலை அத்தைக்கு வந்தது. அத்தை நைனாவின் தங்கை. ஓரிக்கையில் வாழ்க்கைப்பட்டவள். பொங்கல் முடிந்து ஒரு விடியற்காலையில் ஒற்றைப் பையோடு வந்தவள் திரும்பிப் போகவில்லை. உடம்பு சரியில்லை என்று என்னிடம் சொல்லியிருந்தார்கள். என் கண்ணுக்கு அவள் நன்றாகத்தான் இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சினிமாவுக்குப் பாதித் தெரு எங்கள் கூடத்தில் இருக்கும். அத்தை மட்டும் டிவிக்குப் பக்கவாட்டில், படம் தெரியாத மூலையில் முக்காலி போட்டு ஊசியையே பார்த்துக்கொண்டிருப்பாள். வசனத்தை மட்டும் கேட்டே மறுநாள் முழுக் கதையையும் எனக்குச் சொல்லுவாள். அவள் சொன்ன கதாநாயகிகள் திரையில் வந்தவர்களைவிட அழகாக இருந்தார்கள்.

ஆடிக் காற்று வீசிய ஒரு ஞாயிறு. பாதிப் படத்தில் கொல்லையில் மாடு கன்று போடத் தவித்துக் கத்தியது. அத்தை என்னை முக்காலியில் உட்காரவைத்தாள்.

“கரண்டு போச்சுன்னா மொதல்ல இத்த கீய எறக்கிடு, இன்னா? அப்புறந்தான் எயுந்திரிக்கணும்.”

சரி என்றேன். சிறிது நேரத்தில் கரண்ட் போனது. தெருப் பிள்ளைகள் எல்லாரும் ‘ஓ’வென்று கத்திக்கொண்டு வாசலுக்கு ஓடினார்கள். நானும் கத்திக்கொண்டு ஓடினேன்.

பாதி வாசலைத் தாண்டியிருப்பேன். உள்ளே பல்பு வெள்ளை வெளேரென்று எரிந்தது. பட்டென்று ஒரு சத்தம். பிறகு கருகிய நாற்றம். நைனா பாய்ந்து போய் சுவிட்சை நிறுத்தினார்.

“யாரு அதுகிட்ட இருந்தது?”

அத்தை ஈரக் கையோடு ஓடி வந்தாள். டிவியைப் பார்த்தாள், கதவோரம் நின்ற என்னைப் பார்த்தாள்.

“நான்தாண்ணா. எறக்காம மாட்டப் பாக்கப் பூட்டேன்.”

அம்மாதான் பேசினாள். “சும்மா குந்திக்கினு கீறதுக்குக் கொடுத்த வேலை இது ஒண்ணு. அதயும் ஒயுங்கா பண்ணத் துப்பில்ல.”

கூடத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. அன்று பிறந்த கன்றுக்குட்டியை யாரும் கொஞ்சவும் இல்லை.

நைனா டிவியைப் போர்வையில் சுற்றி, பஸ்ஸில் மடிமேல் வைத்துக் காஞ்சிபுரத்துக்குக் கொண்டுபோனார். அது ரிப்பேராகித் திரும்பும்வரை அம்மா அத்தையோடு பேசவில்லை. அதற்கு முன் இரண்டு தரம் அத்தையைக் கூப்பிட வந்த மாமாவை, அனுப்ப முடியாது என்று வாசலோடு திருப்பி அனுப்பியவர் நைனா. மூன்றாம் தரம் வந்தபோது உட்காரச் சொன்னார்.

அத்தையையும் மாமாவையும் உத்திரமேரூரில் பஸ் ஏற்றிவிட நானும் போனேன். நைனாவும் மாமாவும் டீ குடிக்கப் போனதும் அத்தையின் முந்தானையைப் பிடித்தேன்.

“நைனாகிட்ட சொல்லிடட்டா?”

“இன்னாத்த?”

“டிவிய…”

“அத வுடு. எனக்கே மறந்து பூட்ச்சி.” என் தலையில் கலைந்திருந்த ரிப்பனை அவிழ்த்து இறுக்கிக் கட்டினாள்.

எனக்கு மனசு லேசாகிவிட்டது. அடுத்த ஞாயிறிலிருந்து அந்த முக்காலி எனக்குத்தான் என்றுகூட நினைத்துக்கொண்டேன். பஸ் வந்தது. மாமா முதலில் ஏறி, துண்டால் சீட்டைத் தட்டி, ஜன்னலோர இடத்தை அத்தைக்கு விட்டுக்கொடுத்தார். எனக்கு ஒரு பாக்கெட் பிஸ்கட்டும் வாங்கித் தந்திருந்தார். இவ்வளவு நல்ல மனுஷரோடு போகிறவள், பஸ் கிளம்பும்போது ஏன் ஜன்னல் கம்பியை அப்படி இறுக்கிப் பிடித்துக்கொண்டு அழுதாள் என்று பிஸ்கட் தின்றபடியே யோசித்துக்கொண்டு வந்தேன்.