காதுகுத்து வீட்டில் ஒலித்த கிடார்

என் வீட்டுக்காரர் கிடார் வாசிப்பார் என்று சொன்னால், எங்கள் பக்கத்தில் உடனே வரும் கேள்வி, "என்ன பாட்டு வாசிப்பாரு?" என்பதுதான். பாட்டே இல்லாமல் கிடாரை மட்டும் வாசிப்பார் என்றால், பாவம் இந்தப் பெண் என்பது போல என்னைப் பார்ப்பார்கள். கல்யாணமான புதிதில் நானும் அப்படித்தான் என்னைப் பார்த்துக்கொண்டேன்.

எழுபதுகளின் கடைசி அது. அரியலூர் சிமெண்ட் தொழிற்சாலை ஒன்றில் அவருக்கு லேத் வேலை. லீவு நாட்களில் பெரம்பலூரில் ஒரு மெல்லிசைக் குழுவில் வாசிப்பார். பாடகருக்கும் ட்ரம்ஸுக்கும் பின்னால், போட்டோ எடுத்தால் விழாத ஒரு மூலை அவருடையது. கூட வேலை பார்த்தவரின் தம்பி கப்பலில் இருந்தார். அவர் கொண்டுவந்த ஒரு கேசட்தான் இவரைக் கெடுத்தது. அமெரிக்காவில் ஒரு கறுப்பர் தனியாக உட்கார்ந்து கிடார் வாசிக்கிறார். ப்ளூஸ் என்று அதற்குப் பெயராம். கொஞ்சம் கேட்பது, ரீவைண்ட் செய்வது, மறுபடி கேட்பது என்று டேப்பே தேய்ந்து போயிற்று. அந்த ஆள் ஏதோ ஒரு குழாயை விரலில் மாட்டிக்கொண்டு கம்பி மேல் இழுக்கிறார் என்று கண்டுபிடித்து, இவர் லேத்தில் ஓர் இரும்புக் குழாய்த் துண்டைக் கடைந்து சுண்டுவிரலில் மாட்டிக்கொண்டார். அன்று முதல் எங்கள் வீட்டில் கிடார் அழ ஆரம்பித்தது.

"என்னங்க இது, ஒரே ஒப்பாரியா இருக்கு?" என்றேன்.

"பருத்திக் காட்டுல வேலை செஞ்சவங்களோட பாட்டுடி இது."

கல்யாணத்துக்கு முன்னால் நானும் பெரம்பலூர்ப் பக்கம் பருத்தி எடுத்தவள்தான். குனிந்து குனிந்து எடுத்துவிட்டு நிமிரும்போது இடுப்பில் ஒரு வலி வரும். அந்தக் கம்பியை அவர் மெதுவாக மேலே இழுக்கும்போது எனக்கு அந்த இடம் வலித்தது. அன்றிலிருந்து நான் அவருடைய கட்சி.

என் அண்ணன் அரியலூரில் மைக்செட் கடை வைத்திருந்தான். அவனும் எங்கள் கட்சிதான். "மாப்ள, இத நாலு பேரு கேக்க வேணாமா?" என்று சொல்லி, கடையின் பின்னறைக் கதவில் போர்வையைத் தொங்கவிட்டு, அவர் வாசிப்பை ஒரு கேசட்டில் ஒரு பக்கம் முழுக்கப் பதிவு செய்தான். நடுவில் சுண்ணாம்புக்கல் லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போகும். அதையும் சேர்த்துத்தான் நாங்கள் ரசித்தோம்.

எங்கள் ஊர்களில் ஒரு வழக்கம் உண்டு. மரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கரில் என்ன பாட்டு வருகிறது என்பதை வைத்தே, அந்த வீட்டில் என்ன விசேஷம் என்று பக்கத்து ஊர்க்காரர்கள் சொல்லிவிடுவார்கள். பிள்ளையார் பாட்டு வந்தால் நல்ல காரியம். சோகப் பாட்டு வந்தால் சாவு. பத்திரிகை வராவிட்டாலும் குழாய்ச் சத்தம் வந்துவிடும்.

கங்கைகொண்ட சோழபுரம் தாண்டி, முந்திரிக்காட்டுக்கு நடுவில் ஒரு ஊர். அங்கே ஒரு பெரியவர் வீட்டில் பேரனுக்குக் காதுகுத்து. அண்ணன்தான் மைக்செட். பிள்ளையார் பாட்டைப் போட்டான், இரண்டு சினிமாப் பாட்டைப் போட்டான். பந்தியில் இட்லி சூடாக இருக்கிறது என்றதும், நீளமாக ஓடட்டும் என்று மாப்பிள்ளையின் கேசட்டைச் சொருகிவிட்டுச் சாப்பிடப் போனான். அவன் இட்லிக்கு அலைந்தான் என்று இன்றுவரை ஏசுகிறார்கள். எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை.

அந்தப் பெரியவருக்கு ரொம்ப நாளாக இழுப்பு. இன்றைக்கோ நாளைக்கோ என்று சுற்று வட்டாரமே பேசிக்கொண்டிருந்தது. முந்திரிக்காட்டுக்கு அந்தப் பக்கத்து ஊரில் இருந்தவர்கள் காதில் கிடார் விழுந்தது. பெரியவர் போய்விட்டார் என்று முடிவு கட்டிவிட்டார்கள். பெண்கள் தலையை விரித்துப்போட்டு மாரடித்துக்கொண்டு வருகிறார்கள். ஆண்கள் கையில் மாலை, கோடித்துணி. பந்தலில் வாழைமரம் கட்டியிருக்கிறது. பெரியவர் புது வேட்டியில், பேரனை மடியில் வைத்துக்கொண்டு, ஆசாரி ஊசியை எடுப்பதற்காகக் காத்திருக்கிறார்.

நல்ல நாளில் இப்படியா என்று பையனின் தாய் அழுதாள். அண்ணன் கை கழுவாமலே குழாயை அவிழ்த்துக்கொண்டு வந்து சேர்ந்தான். செய்தி பஸ் ஏறி அவனுக்கு முன்னாலேயே வந்திருந்தது. என் வீட்டுக்காரருக்குச் சாவு கிடார் என்று பெயர் வைத்துவிட்டார்கள். முகூர்த்த சீசனில் இந்த ஆளை மேடையில் ஏற்றினால் ஒருத்தரும் கூப்பிட மாட்டார்கள் என்று மெல்லிசைக் குழுவும் கைகழுவிவிட்டது. அவர் கிடாரைச் சாக்கில் சுற்றிப் பரணில் வைத்தார். "இனிமே நம்ம சனங்க முன்னாடி இதத் தொட மாட்டேன்" என்றார்.

நான் விடுகிற ஆளா? துடைக்கிறேன் என்று எடுத்து வெளியே வைப்பேன். அவர் மறுபடி ஏற்றிவிடுவார். சோறு போட்டால் சாப்பிடுவார், வேலைக்குப் போவார், வருவார். முன்பெல்லாம் சாப்பிடும்போதுகூட தட்டின் ஓரத்தில் விரல் தாளம் போடும். அதுவும் நின்றுவிட்டது. எனக்கு ஊர் மேல் வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அழுகையும் வந்தது.

ஒரு லீவு நாள் மத்தியானம் ஜெயங்கொண்டம் பஸ்ஸில் வந்து இறங்கி, விசாரித்துக்கொண்டே ஒருவர் வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு பை முந்திரிக்கொட்டை.

"ஏம்மா, கிடாரு வாசிக்கிற தம்பி வூடு இதானுங்களா?"

சாகாத அந்தப் பெரியவர்தான். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்து நானும் இடுப்பில் முந்தானையைச் செருகினேன். அவர் மோர் வாங்கிக் குடித்துவிட்டு, வீட்டுக்காரரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்.

"தம்பி, வரப்புத் தகராறுல என்கூடப் பல வருசமாப் பேசாத பங்காளி ஒருத்தன் இருக்கான். அன்னைக்கு மாலைய எடுத்துக்கிட்டு மொத ஆளா ஓடியாந்தவன் அவன்தான். என்னப் பாத்துட்டு அப்புடியே கட்டிப் புடிச்சுக்கிட்டு அழுதுட்டான். நான் உண்மையிலயே செத்திருந்தா இதப் பாத்திருப்பனா? சொல்லு."

வீட்டுக்காரர் காலி மோர்ச் செம்பை எடுத்து ஓரமாக வைத்தார்.

"எங்க மாரியம்மன் திருவிழாவுக்கு நீ வந்து வாசிக்கணும்."

"வேணாங்க ஐயா. செருப்பத் தூக்கி அடிப்பாங்க."

"எவன் அடிப்பான்? நானே மேடையில ஒன் பக்கத்துல உக்காருறேன். ஆளு உசுரோட கண்ணுக்கு முன்னாடி இருக்கறப்ப, எவன் அதச் சாவுப் பாட்டும்பான்?"

அவர் பதில் சொல்வதற்குள் நான் பரணில் ஏறிவிட்டேன்.

திருவிழாவுக்கு முதல் நாள் சுற்றியுள்ள ஊர்களில் எல்லாம் தமுக்கு அடித்துச் சொன்னார்கள். "நாளைக்குச் சாயங்காலம் குழாயில அழுவுற மாதிரி ஒரு சத்தம் வரும். அது எழவு இல்ல, கிடாரு! யாரும் கோடி எடுத்துக்கிட்டு வர வேணாம், சும்மா வாங்க!" விளம்பரம் என்றால் இதுவல்லவா விளம்பரம்! வேறெந்தக் கச்சேரிக்கும் அப்படி ஒரு கூட்டம் வந்து நான் பார்த்ததில்லை. வயலில் இருந்து நேராக வந்தவர்கள் பாதி. அண்ணன் இந்தத் தடவை மைக்செட்டை விட்டு அசையவே இல்லை.

மேடையில் பெரியவருக்கு ஒரு நாற்காலி, பங்காளிக்கு ஒரு நாற்காலி. நடுவில் என் வீட்டுக்காரர். முதல் கம்பியை இழுத்தார். எங்கேயோ நாய் குரைத்தது. சனங்கள் சிரித்தார்கள். அவர் கை நின்றுவிட்டது.

பெரியவர் மைக்கைத் தன் பக்கம் இழுத்தார். "ஏய், உசுரோடதான்டா இருக்கேன். பேசாமக் கேளுங்கடா!"

கூட்டம் முழுக்கச் சிரித்தது. அதில் என் வீட்டுக்காரரும் சிரித்துவிட்டார். சிரித்ததும் கை இளகியது. தடித்த கம்பியில் கட்டைவிரல் நடக்க ஆரம்பித்தது, பாரம் ஏற்றிய மாட்டுவண்டி போல நிதானமாக. மேலே சுண்டுவிரல் இழுத்தது. கீழே ஒரு கேள்வி கேட்பார், மேலே அதற்குப் பதில் சொல்வார். சில நேரம் பதில் சொல்லாமல் கம்பியை அதிரவிட்டுக் காத்திருப்பார். கடலை விற்றவர் கூவுவதை நிறுத்தினார். குழாய் வழியாக அந்தச் சத்தம் முந்திரிக்காட்டின் மேல் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சத்தத்தைப் பார்க்க முடியுமா என்று கேட்காதீர்கள். அன்று பார்த்தேன்.

வாசித்து முடித்தார். ஒருவரும் கைதட்டவில்லை. திரும்பிப் பார்த்தேன். முன்னால் உட்கார்ந்திருந்த பெண்கள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். ஆண்கள் துண்டை எடுத்து வியர்வையைத் துடைப்பது போலப் பாசாங்கு செய்தார்கள். அவர் கிடாரைக் கீழே வைக்கப் போனார்.

கூட்டத்தில் ஒரு அம்மா எழுந்து நின்றார். இடுப்பில் பிள்ளை, புடவையில் நடவுச் சேறு.

"தம்பி, ஏன் நிறுத்திட்ட? இன்னொரு தடவ வாசிப்பா. எங்களுக்கு இன்னும் அழுது முடியல."

அதற்குப் பிறகுதான் கைதட்டல் எழுந்தது. குழாயையும் மீறிக் கேட்டது. நம்ம சனங்கள் முன்னால் இனித் தொடமாட்டேன் என்ற மனுஷர், அந்தச் சனங்களைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, சிரித்துக்கொண்டே மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.