நத்தையும் பதினோரு மாத அக்ரிமெண்டும்

வண்ணமீன் கடையில் மீன் வாங்குகிறவர்கள் பேரம் பேசிவிட்டுப் போய்விடுவார்கள். நத்தை வாங்குகிறவர்கள்தான் சண்டை போடத் திரும்பி வருவார்கள். கல்லாவில் உட்கார்ந்து பேச்சு வாங்கியவர் யாராக இருந்தாலும் இது புரியும். நான் அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பெங்களூர் தொம்மலூரில், ஓனர் நஞ்சப்பாவின் வீட்டுக்குக் கீழே, எஸ்.டி.டி. பூத்துக்குப் பக்கத்தில் என் கடை. படித்தது எல்லாம் மறந்துவிட்டது. யார் என்னை என்ன சொன்னார்கள் என்பது மட்டும் மறக்காது.

சுத்தம் செய்ய ஆள்

சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை செய்கிற ஒருத்தர் வந்தார். தொட்டி கழுவ நேரமில்லையாம், நத்தை போட்டால் போதும் என்று யாரோ சொன்னார்களாம். பாசியைத் தின்னும், தின்றதை வெளியேயும் விடும், தண்ணீர் மாற்றுவது உங்கள் வேலைதான் என்றேன். எது நல்லது என்று கேட்டார். செடியோடு ஓசியில் ஒட்டிக்கொண்டு வரும் பொடி நத்தை வேண்டாம், ஒன்று நூறாகிவிடும். நெல்லிக்காய் அளவு மஞ்சள் நத்தை ஒன்றே ஒன்று போதும் என்றேன். எட்டு வாங்கிக்கொண்டு போனார்.

இரண்டாவது வாரம் கலங்கிப்போன தொட்டித் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து வந்து, கடையில் நாலு பேர் நிற்கும்போது தூக்கிக் காட்டினார். "அங்கிள், இதுங்க வேலைக்கு வந்துச்சா, விருந்துக்கு வந்துச்சா?"

பேர்

எனக்குப் பதினோரு மாத வாடகை அக்ரிமெண்ட். முடிய மூன்று மாதம் இருக்கும்போது ஓனர் இறங்கி வந்து, மாடிவரை நாற்றம் வருகிறது, இந்தத் தடவையோடு காலி செய் என்றார். அவருக்கு அவ்வளவு மூக்கு கிடையாது. பூத்துக்காரன் செல்வராஜ் சொல்லிக் கொடுத்தது. என் கடையையும் சேர்த்து பிரவுசிங் சென்டர் வைக்க அவனுக்கு ஆசை.

நான் வாயைத் திறப்பதற்குள் ஓனர் வாசலில் இருந்த நத்தை பக்கெட்டைப் பார்த்து, இது என்ன என்றார். நத்தைக்குக் கன்னடத்தில் உள்ள பேரைச் சொன்னேன்: பசவன ஹுளு. பசவன் என்றால் நந்தி, ஹுளு என்றால் பூச்சி. அவர் பிறந்ததிலிருந்து சொல்லிவரும் வார்த்தைதான். ஆனால் அன்று திங்கட்கிழமை. நந்தி கோயிலுக்குப் போய்விட்டு விபூதியோடு நேரே வந்திருந்தார். குனிந்தார். நத்தை இரண்டு கொம்பையும் நீட்டியது. ரொம்ப நேரம் பார்த்துவிட்டு என்னை முறைத்தார். "பசவன் பேர வெச்சுக்கினு பக்கெட்டுலயா குந்தினு இருக்குது?"

மோப்பம்

மாடியில் இருந்த தங்கமீன் தொட்டிக்கு ஓனர் ஒரு நத்தை கேட்டார். அது நல்லபடியாக இருந்தால் அக்ரிமெண்ட் பற்றி யோசிக்கலாம் என்று இழுத்தார். எனக்குப் பெண் பார்த்தபோதுகூட நான் அவ்வளவு கவனமாகப் பார்க்கவில்லை. ஓட்டில் கீறல் இல்லாதது, தொட்டதும் ஓட்டு வாயில் இருக்கும் கதவைச் சாத்திக்கொள்வது என்று தேடி ஒன்றைப் பொறுக்கினேன். வெளியே ஏறிப் போகாமலிருக்கத் தொட்டிக்கு மூடி போட்டேன். மீன் மருந்து சிலது நத்தையைக் கொல்லும், என்னைக் கேட்காமல் ஊற்றாதீர்கள் என்றேன். குட்டி போடுமா என்று ஓனர் வீட்டம்மா கேட்டார். தனியாக இருந்தால் போடாது என்று நெஞ்சில் கை வைத்துச் சொன்னேன்.

பத்தாம் நாள் ஓனர் தம்ளரில் நத்தையோடு வந்தார். மிதக்கிறது, செத்துவிட்டது என்று செல்வராஜ் சொன்னானாம். காற்று பிடித்தாலும் மிதக்கும், செத்திருந்தால்தான் நாறும், முகர்ந்து பாருங்கள் சார் என்றேன். முட்டைகூடத் தொடாத மனிதர் கண்ணை மூடிக்கொண்டு மூக்கருகே கொண்டுபோனார். என் கடையே அந்த ஒரு மூச்சில் தொங்கியது. கண்ணைத் திறந்தார். "இது நாறல. உன் கடைதான் நாறுது."

ஒன்பது மணி கேட்

அடுத்த மாதம் வீட்டம்மா மாடிக்குக் கூப்பிட்டார். தொட்டி மூடிக்கு அடியில் ரோஸ் நிறத்தில் முட்டைக் கொத்து. பெட்டை நத்தை ஒரு தடவை சேர்ந்தால் போதும், மாதக்கணக்கில் கழித்துக்கூட முட்டை விடும்; என் பக்கெட்டிலேயே காரியம் முடிந்திருக்கிறது. பசவன் முட்டை போட்டதை ஓனரால் தாங்க முடியவில்லை. வீட்டம்மாவுக்குக் கவலை வேறு. மாடி ரூமில் வாடகைக்கு இருக்கும் பேச்சிலரைப் பார்க்க ஆள் வரக்கூடாது என்று ரூல் போட்டவர் அவர். "ஒம்பது மணிக்கு கேட்டு பூட்றது நானு. இது எப்போ போய்ட்டு வந்துச்சு?"

கடைசி நாள்

முட்டையை எடுத்துப் போட்டுவிடலாம் என்றேன். ஓனர் விடவில்லை. மூன்று வாரத்தில் மிளகு மிளகாக அறுபது எழுபது பொரிந்தன. நசுக்க முடியாது, சாக்கடையில் விட முடியாது, பேர் அப்படி. அக்ரிமெண்ட் முடிகிற அன்று நான் தொட்டிகளைக் கழற்றிக்கொண்டிருந்தேன். ஓனர் ஒரு பேசினைத் தூக்கி வந்து, மிச்சமிருந்த தொட்டியில் அத்தனையையும் கொட்டினார். "நீ போய்ட்டா இதுங்கள யார் பாத்துக்கிறது? சும்னே, பேசாம இங்கயே இரு."

அன்றே செல்வராஜுக்கும் ஓனர் தன் கையால் நாலு குட்டி நத்தை கொடுத்தார், கோயில் பிரசாதம் மாதிரி. அவனால் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. மறுநாள் காலை பாட்டிலோடு என் கடை வாசலில் வந்து நின்றான். "அண்ணே, இதுக்கு என்னா போடணும்?"

அவனுக்கு நான் இன்றுவரை பதில் சொல்லவில்லை, ஆனால் எந்த நத்தை நல்லது என்று நீங்கள் கேட்டால் சொல்வேன்: தொட்டியைச் சுத்தமாக வைத்த நத்தையை நான் பார்த்ததே இல்லை, அக்ரிமெண்ட் போட்டுக் கொடுத்த நத்தையைத்தான் பார்த்திருக்கிறேன்.