வாயைப் பார்த்துக் கேட்டவர்

டப்பாக்களுக்கு மூடி அடிக்கும் பட்டறையில் அவரை எல்லோரும் ரேடியோ என்றுதான் கூப்பிடுவார்கள். வேலைக்குள் நுழைந்ததிலிருந்து வாய் ஓயாது. பிரஸ் மெஷின்கள் இடிக்கிற இடியில் ஒருவர் பேசுவது இன்னொருவர் காதில் விழாது. ஆனாலும் பேசுவார். அடுத்த மெஷினில் நிற்கும் நெட்டையும் பதில் சொல்வான். உதட்டைப் பார்த்தே இருவரும் ஊர்வம்பு முழுவதையும் பேசித் தீர்ப்பார்கள். மேனேஜரைத் திட்ட இதைவிடப் பாதுகாப்பான இடம் கிடையாது என்பான் நெட்டை.

ஒரு பிற்பகல் அவருக்குப் பின்னால் இருந்த காற்று டேங்க் வெடித்தது. மேலே ஒரு துண்டு இரும்புகூடப் படவில்லை, சட்டையும் கிழியவில்லை. தரையிலிருந்து எழுந்து உட்கார்ந்தபோது எல்லா மெஷினையும் நிறுத்திவிட்டார்கள் என்றே நினைத்தார். பார்த்தால், கடைசி வரிசையில் ஒரு பிரஸ் ஏறி இறங்கிக்கொண்டுதான் இருந்தது.

நரம்பு செத்துவிட்டது, இனித் திரும்பாது என்று டாக்டர் எழுதிக் காட்டினார். இடது காதில் ஒன்றுமே இல்லை. வலது காதில் தண்ணீர் கொதிப்பதைப்போல ஓர் இரைச்சல், தூக்கத்திலும் விடாமல்.

கையோ காலோ போயிருந்தால் பார்க்கிறவர்கள் உச்சுக் கொட்டியிருப்பார்கள். இவரைப் பார்த்தவர்கள், ஆள் நன்றாகத்தானே இருக்கிறார் என்றார்கள். கம்பெனி அதைவிடக் கெட்டிக்காரத்தனமாகப் பேசியது. காது கேட்காதவரை மெஷினில் நிறுத்த முடியாது என்று வீட்டுக்கு அனுப்பியது. நஷ்டஈடு கேட்டபோது, வயதானால் காது மந்தமாவது சகஜம், வெடித்ததற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றது.

தொழிலாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்துவிட்டு வீட்டில் காத்திருந்தார். மனைவி துணிக்கடையில் வேலை பார்த்தாள், மகள் கல்லூரியில் படித்தாள். ஆரம்பத்தில் மகள் எதிரே உட்கார்ந்து நிறுத்தி நிறுத்திப் பேசினாள். போகப்போக அவளுக்கும் ஆயிரம் அவசரம். சாப்பிடும்போது அம்மாவும் மகளும் ஏதோ சொல்லிச் சிரிப்பார்கள். என்ன என்று கேட்டால், "ஒண்ணுமில்லப்பா" என்பாள். அந்த ஒரு சொல்லை மட்டும் எந்தக் கோணத்திலிருந்தும் அவரால் படித்துவிட முடிந்தது.

தன் குரலே தனக்குக் கேட்காததால், கத்துகிறோமா முணுமுணுக்கிறோமா என்று தெரியாது. ஒருநாள் பஸ்ஸில் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அதோடு வெளியே வாய் திறப்பதையே விட்டுவிட்டார்.

பட்டறை ஆட்கள் முதலில் வந்தார்கள், பிறகு குறைந்தார்கள், பிறகு இல்லை. நெட்டையும் வரவில்லை. சாட்சி சொல்ல வருவாயா என்று மனைவி அவன் வீட்டுக்கே போய்க் கேட்டாள். ரெண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள் அக்கா என்றானாம். அவனைக் குறை சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

விசாரணை நாள் வந்தது. அதிகாரி எதிரே உட்கார்ந்து, வெற்றிலை பாக்கு எதுவும் இல்லாத சுத்தமான வாயால் திருத்தமாகப் பேசினார். எத்தனை வருஷ வேலை, எந்த மெஷின், டேங்க் எந்தப் பக்கம் இருந்தது என்று கேட்டார். வெகுநாளைக்குப் பிறகு ஒருவர் முகம் பார்த்துப் பேசுகிறார் என்ற சந்தோஷத்தில் அவரும் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார்.

கம்பெனி வக்கீல் எழுந்தார். "பாருங்க சார், கேட்டதுக்கெல்லாம் டாண் டாண்ணு பதில் வருது. இவருக்கா காது கேக்கல?"

வக்கீல் பக்கவாட்டில் நின்றதால் அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அதிகாரி பேனாவைக் கீழே வைத்ததும் மனைவியின் முகம் வெளுத்ததும்தான் தெரிந்தது. ஏதோ கைவிட்டுப் போகிறது, என்னவென்று தெரியவில்லை.

பின்னால் வாசலருகே கம்பெனிச் சட்டையோடு நெட்டை நின்றிருந்தான். அவன் பேசியதை மனைவி பிறகுதான் சொன்னாள்.

"சார், நானும் அதே பட்டறைதான். டேங்க் வெடிக்கிற வரைக்கும் அண்ணனுக்குக் காது நல்லாத்தான் இருந்துச்சு. அந்தச் சத்தத்துல நாங்க எல்லாருமே வாயைப் பாத்துத்தான் பேசுவோம். அண்ணன் இப்பவும் அதைத்தான் செய்யறாரு. வாயை மறைச்சுக்கிட்டு ஒண்ணு கேட்டுப் பாருங்க."

அதிகாரி ஒரு ஃபைலால் வாயை மறைத்துக்கொண்டு கேட்டார். எல்லோரும் தன்னையே பார்ப்பதை அவர் கண்டார். ஒவ்வொரு முகமாகத் தேடிப் பார்த்துவிட்டு, "என்ன கேட்டாங்கன்னு தெரியலையே" என்றார்.

உங்கள் மகள் பெயர் என்ன என்றுதான் அதிகாரி கேட்டிருந்தார். பஸ்ஸில் மனைவி அதைச் சொன்னபோது அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அதன்பின் அவள் என்ன சொன்னாலும் அவருக்குத் தெரியாது.

தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. மாதாமாதம் ஒரு தொகையும் காதுக் கருவியும் கம்பெனி கொடுக்க வேண்டும். கருவி இரைச்சலைத்தான் பெரிதாக்கியது. நாலு நாள் மாட்டிப் பார்த்துவிட்டு அலமாரியில் வைத்துவிட்டார்.

நெட்டையைத் தூரத்தில் இருந்த இன்னொரு கிளைக்கு மாற்றிவிட்டார்கள். புறப்படுவதற்கு முன் ஒரு மத்தியானம் அவன் வீடு தேடி வந்திருக்கிறான். அவர் உள்ளறையில் துணி மடித்துக்கொண்டிருந்தார். நெட்டையான ஓர் ஆள் ரொம்ப நேரம் கதவைத் தட்டிவிட்டு, கூப்பிட்டும் பார்த்துவிட்டுப் போனதாகப் பக்கத்து வீட்டம்மா மாலையில் மனைவியிடம் சொன்னாள். மறுநாள் காலையில் அவர் அவன் வீட்டுக்கு ஓடினார். பூட்டியிருந்தது. அவனுக்கு எழுத்து வராது, போனில் பேசத்தான் தெரியும்.

இப்போதெல்லாம் மனைவியும் மகளும் கிளம்பியதும் அவர் கதவை அகலத் திறந்து வைத்து, தெருவைப் பார்த்தபடி நாற்காலியைப் போட்டு உட்காருகிறார். நிழல் விழுந்தால் நிமிர்ந்து பார்ப்பார். பெரும்பாலும் தெருவில் போகிறவர்கள்தான்.