மூன்றாம் பக்கத்தின் கடைசிப் பத்தி

எழுபதுகளின் இறுதியில், மலேசியாவின் ஈப்போவில் கல்லூரிப் படிப்பை முடித்த கையோடு, பத்து காஜாவுக்கு அருகே ஒரு தோட்டத்து ரப்பர் ஆலையில் எழுத்தராகச் சேர்ந்தேன். பட்டிமன்ற மேடைகளில் வாங்கிய கேடயங்களை வீட்டில் வரிசையாக அடுக்கி வைத்திருந்தவன் நான். வலுவான வாதத்தைக் கடைசிவரை ஒளித்து வைத்துக் கைதட்டலோடு மேடையிலிருந்து இறங்க வேண்டும் என்பதே நான் கற்ற கலை. கல்லூரிக் கட்டுரைகளையும் அப்படித்தான் எழுதினேன்; பரிசும் பெற்றேன்.

ஒரு நாள் காலை, உறைந்த ரப்பர் பாலை அழுத்தித் தகடாக்கும் உருளை இயந்திரங்களின் பக்கம் போனேன்.

“பேச்சாளர் தம்பி வர்றாரு, மெஷின நிப்பாட்டுங்க லா!” என்று ஒருவர் கிண்டலடித்தார்.

“நிப்பாட்டினா எங்க நிக்குது? பிரேக்குதான் ரோசாக் ஆயிருச்சே, புடிக்கவே மாட்டேங்குது,” என்றார் அந்த இயந்திரத்தில் வேலை செய்த அக்கா. “தம்பி, நான் வாயால சொன்னா யாரு கேக்குறா? நீங்க மேனேஜர் துவானுக்கு எழுதிக் குடுங்க.”

அன்றே நிர்வாகிக்கு அறிக்கை எழுதினேன். ஆங்கிலத்தில், மூன்று பக்கம். உழைப்பின் மேன்மையில் தொடங்கி, ஆலையின் வரலாற்றைத் தொட்டு, கூரை ஒழுகல், வெளிச்சக் குறைவு என்று படிப்படியாக ஏறி, பழுதான பிரேக்கை உச்சமாகக் கடைசிப் பத்தியில் வைத்தேன். உரக்கப் படித்துப் பார்த்தபோது எனக்கே மெய் சிலிர்த்தது.

பத்தாம் நாள் அந்த அக்காவின் வலக்கை உருளைகளுக்குள் போயிற்று. யாரோ ஓடிப்போய் நிறுத்தும் விசையை அழுத்தினார்கள். இயந்திரம் நிற்கவில்லை.

என் அறிக்கையைத் தேடி எடுத்தேன். முதல் பக்கத்தின் ஓரத்தில் ‘பார்த்தேன்’ என்று நிர்வாகியின் கையெழுத்து. மற்ற இரு பக்கங்களிலும் புரட்டிய மடிப்புகூட இல்லை. அவர்மீது கோபப்பட முயன்றேன்; முடியவில்லை. அந்த முதல் பக்கத்தைப் படித்த எவருக்கும் அதற்குமேல் படிக்கத் தோன்றியிராது.

மருத்துவமனையில் அந்த அக்காவின் வலது முழங்கைக்குக் கீழே ஒன்றுமில்லை. கட்டு மட்டும் இருந்தது.

“எழுதிக் குடுத்தீங்கதானே தம்பி?”

“குடுத்தேன் அக்கா.”

“படிச்சவங்க நீங்க எழுதியே யாரும் வரலன்னா, வேற என்னா செய்ய முடியும்? விடுங்க லா, அழாதீங்க.”

கடைசிப் பத்தியைப் பற்றி அன்று நான் வாய் திறக்கவில்லை, இன்றுவரை திறக்கவில்லை. இப்போதெல்லாம் எந்த அறிக்கையிலும் ஆபத்தை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன். அந்த வரியை எழுத எனக்கு இன்னும் ஒரு வலக்கை இருக்கிறது என்பதுதான் ஒவ்வொரு முறையும் என்னைச் சுடுகிறது.